மடைவாயில் தங்கிய நஞ்சு: ஜின்சு ஆற்றுச் சமவெளியில் கேட்மியம் பாதிப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு நோயாளியின் எக்ஸ்ரே படங்களில் 72 இடங்களில் எலும்பு முறிந்திருந்தது. விபத்து எதுவும் இல்லாமல் வந்த முறிவுகள் இவை. பின்னாளில் "இத்தாய்-இத்தாய்" என்று பெயர்பெற்ற இந்த நோய் முற்றியவர்களுக்கு இருமினாலே விலா எலும்பு முறிந்தது. உயரத்தில் 30 சென்டிமீட்டர் குறைந்துபோனவர்களும் இருந்தார்கள். ஜப்பானின் தொயாமா மாகாணத்தில், ஜின்சு ஆற்றுத் தண்ணீரில் நெல் விளைவித்து, அந்தச் சோற்றையே உண்டு வாழ்ந்த உழவர் குடும்பங்களின் பெண்கள் இவர்கள். அவர்களுக்கு நேர்ந்ததையும், காரணம் எப்படிக் கண்டறியப்பட்டது என்பதையும், அதன் பிறகு எடுக்கப்பட்ட முடிவுகளையும் வரிசையாக இங்கே பதிவு செய்கிறேன். நோயாளிகளுக்கு இந்தப் பதிவில் பெயர் இல்லை. மருத்துவர், வேதியியலாளர் போன்று பொது ஆவணங்களில் இடம்பெற்றவர்களுக்கு மட்டும் பெயர் தந்திருக்கிறேன்.

ஆறு, சுரங்கம், வயல்

ஜின்சு ஆறு கிஃபு மாகாண மலைகளில் பிறந்து, வடக்கே தொயாமா சமவெளியில் இறங்கி, ஜப்பான் கடலில் கலக்கிறது. அதன் கிளையாறான தகஹாராவின் கரையில் காமியோக்கா சுரங்கம் இருக்கிறது. பல நூற்றாண்டுகளாக வெள்ளியும் செம்பும் எடுத்த இடம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிட்சுய் நிறுவனத்தின் கைக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டு தொடங்கியதும் ஈயத்தோடு துத்தநாகமும் பெரிய அளவில் எடுக்கப்பட்டது. போர்க்காலங்களில் உற்பத்தி பெருகியது.

துத்தநாகம் இருக்கும் தாதுவில் கேட்மியம் என்ற உலோகமும் இருக்கும். தனிம வரிசை அட்டவணையில் ஒரே நிரலில் அடுத்தடுத்து நிற்பவை இவை இரண்டும். 1817-இல் ஜெர்மானிய வேதியியலாளர் பிரீட்ரிக் ஸ்ட்ரோமையர் கேட்மியத்தைக் கண்டுபிடித்ததும் துத்தநாகத்தின் வழியாகத்தான். மருந்துக் கடைகளைச் சோதிக்கும் பொறுப்பு அவருக்கு இருந்தது. அங்கே வைத்திருந்த துத்தநாகக் கார்பனேட்டைச் சூடாக்கினால், இரும்பு கலக்காதபோதும் அது மஞ்சளாக மாறியது. அந்த மஞ்சளுக்குக் காரணத்தைத் தேடியபோது புது உலோகம் கிடைத்தது. பின்னாளில் ஓவியர்களின் மஞ்சள், சிவப்பு வண்ணங்களுக்கும், இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் முலாமுக்கும், நிக்கல்–கேட்மியம் மின்கலங்களுக்கும் கேட்மியம் தேவைப்பட்டது. நம் நகைக்கடைகளில் பல ஆண்டுகள் புழங்கிய "கே.டி.எம்." என்ற மூன்றெழுத்தும் கேட்மியத்தைக் குறிப்பதுதான். தங்கம் உருக 1,064 டிகிரி வேண்டும். கேட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். கேட்மியம் கலந்த பொடியால் பற்றவைக்கும் ஆசாரி அந்த ஆவியை ஊதுகுழலுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து சுவாசித்தார்.

காமியோக்காவில் இந்த உலோகம் கழிவாகவே நெடுங்காலம் வெளியேறியது. தாதுவை நுண்பொடியாக அரைத்து நுரையில் மிதக்கவிட்டுப் பிரிக்கும் முறை வந்த பிறகு கழிவும் நுண்பொடியாகிவிட்டது. நுண்பொடி எளிதில் படியாது. ஆற்றோடு போய், வாய்க்காலில் இறங்கி, நீரின் வேகம் முதலில் தணிகிற இடமான வயலின் மடைவாயில் படிந்தது.

நம்மூரில் தண்ணீர் எட்டாமல் தவிப்பவர் கடைமடைக்காரர். இங்கே நிலைமை தலைகீழ். தண்ணீர் முதலில் நுழையும் மடையருகே நெல் குன்றி நின்றது. உள்ளே தள்ளிப்போகப் போகப் பயிர் தேறியது. பிற்காலத்தில் மண்ணைச் சோதித்தபோது கேட்மியத்தின் அளவும் இதே வரிசையில் மடைவாயில் அதிகமாகவும் உட்புறத்தில் குறைவாகவும் இருந்தது. பயிர் கெடுவதாகவும் மீன் சாவதாகவும் உழவர்கள் நோயைப் பற்றிப் பேச்சு வருவதற்கு வெகுகாலம் முன்பே முறையிட்டு வந்தார்கள். இந்த நிகழ்வில் முதல் எச்சரிக்கையைக் கொடுத்தது பயிர் என்றே நான் கருதுகிறேன். அந்த முறையீடுகள் விளைச்சல் இழப்பாக மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டன. அதே நெல்லைச் சமைத்துத் தின்றவர்களைப் பற்றி எவரும் கேட்கவில்லை.

மருத்துவமனையில் கண்டது

நோய் 1910-களிலேயே தொடங்கிவிட்டதாகப் பின்னர் கணிக்கப்பட்டது. மருத்துவக் கவனத்துக்கு வந்தது இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு. ஃபுச்சூ என்ற ஊரில் பரம்பரையாக மருத்துவம் பார்த்த குடும்பத்தைச் சேர்ந்த நொபோரு ஹாகினோ, 1946-இல் போர்முனையிலிருந்து திரும்பி மருத்துவமனையை மீண்டும் நடத்தத் தொடங்கினார். ஒரே மாதிரியான நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள்.

ஏறக்குறைய எல்லோரும் பெண்கள், நடுவயதைத் தாண்டியவர்கள், பல பிள்ளைகளைப் பெற்றவர்கள், அந்த ஊரிலேயே நெடுங்காலம் வாழ்ந்தவர்கள். முதலில் இடுப்பிலும் தொடையிலும் வலி வரும். பிறகு நடை மாறும்; வாத்து நடப்பதுபோல் இருபக்கமும் அசைந்து நடப்பார்கள். ஒரு சின்னத் தடுக்கலுக்குப் பிறகு எழுந்து நடக்கவே முடியாமல் போகும். படுக்கையில் புரண்டால் வலி, மூச்சை இழுத்தால் வலி. அறிவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும். "இத்தாய், இத்தாய்" என்று அழுவார்கள். வலிக்கிறதே, வலிக்கிறதே என்று பொருள். மருத்துவமனையில் இருந்தவர்கள் அந்த அழுகையையே நோயாளிகளுக்குப் பெயராக வைத்தார்கள். 1955-இல் உள்ளூர்ச் செய்தித்தாள் வழியாக அது நோயின் பெயராக வெளியே பரவியது.

முன்வினையின் பயன் என்று ஊரில் பேச்சு இருந்தது. நோயாளி இருக்கும் வீடுகள் அதை மறைத்தன. செய்தி பரவினால் பெண் கொடுக்க மாட்டார்கள், அரிசி விலைபோகாது என்ற அச்சமும் இருந்தது. நோய் வெளியே தெரியத் தாமதமானதில் இந்த மௌனத்துக்கும் பங்கு உண்டு. அதற்காக அந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1955-இல் தோக்கியோவிலிருந்து நிபுணர்கள் வந்து பார்த்தார்கள். எலும்பில் தாது படியாமல் மென்மையாகும் நோய் என்று அடையாளம் காணப்பட்டது. சத்துக்குறைவு, வைட்டமின் டி பற்றாக்குறை, கடும் வயல்வேலை, குளிர்காலத்தில் வெயில் படாமை எனக் காரணங்கள் முன்வைக்கப்பட்டன. எதையும் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஒரு கேள்விக்கு அவற்றில் விடை இல்லை. அதே ஏழ்மையும் அதே உழைப்பும் அதே மூடிய வானமும் இருந்த பக்கத்து ஊர்களில் இந்த நோய் ஏன் இல்லை?

வரைபடத்தில் வைத்த புள்ளிகள்

ஹாகினோ நோயாளிகளின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். சமவெளியில் ஜின்சுவுக்கு ஒரு பக்கம் குமானோ ஆறும் மறுபக்கம் இதா ஆறும் ஓடுகின்றன. அவ்விரு ஆறுகளின் பாசனத்தில் இருந்த ஊர்களில் நோய் இல்லை. புள்ளிகள் எல்லாம் ஜின்சுவின் தண்ணீர் பாய்ந்த வயல்களோடு நின்றன.

நாட்டு மருத்துவர் ஒருவரின் மேசையில் நடந்த இந்த வேலைதான் நிகழ்வின் முதல் பெரிய முடிவு என்பேன். அவரிடம் உலோகத்தை அளக்கும் கருவி எதுவும் இல்லை. நோயாளிகள் எங்கே வாழ்கிறார்கள், எந்தத் தண்ணீரைப் பயன்படுத்துகிறார்கள் என்ற இரண்டை மட்டும் சேர்த்துப் பார்த்தார். 1957-இல் சுரங்கக் கழிவே காரணம் என்று மருத்துவர் கூட்டத்தில் சொன்னார். எந்த உலோகம் என்று அப்போது அவருக்குத் தெரியாது. விளம்பரத்துக்காகப் பேசுகிறார், ஊருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறார் என்று ஏச்சு கிடைத்தது.

நிறமாலையில் கிடைத்த பெயர்

ஒகயாமா பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் ஜுன் கொபயாஷிக்கு இந்த ஆறு புதிதல்ல. போர்க்காலத்தில் இளம் ஆய்வாளராக இருந்தபோதே இங்கே பயிர்ச்சேதத்தைப் பார்க்க வந்தவர் அவர். 1950-களின் இறுதியில் அவர் ஆற்று நீரையும் அரிசியையும் இறந்தவர்களின் எலும்பையும் உள்ளுறுப்புகளையும் ஒளியைப் பிரித்து உலோகங்களை அடையாளம் காட்டும் நிறமாலைக் கருவியில் வைத்து ஆராய்ந்தார். ஈயமும் துத்தநாகமும் எதிர்பார்த்தவை. அவற்றோடு கேட்மியமும் மிகுதியாக இருந்தது. ஹாகினோவும் வேளாண் அறிஞர் கின்இச்சி யோஷியோகாவும் 1961-இல் கேட்மியமே காரணம் என்று அறிவித்தார்கள்.

சிறுநீரகத்துக்குள்

எலும்பை நொறுக்கிய நோயின் வேர் சிறுநீரகத்தில் இருந்தது. இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் பின்னால் வரும் இழப்பீட்டுச் சிக்கலும் புரியாது.

சோற்றோடு போகும் கேட்மியத்தில் சிறு பங்கைத்தான் குடல் ஏற்கிறது. உடலில் இரும்புச்சத்து குறைந்தால் அந்தப் பங்கு கூடும். இரும்பை உள்ளே இழுக்கும் வழியிலேயே கேட்மியமும் நுழைந்துவிடும். அடுத்தடுத்துப் பிள்ளை பெற்று, இரத்தம் குறைந்து, சோற்றையே பெரும்பாலும் உண்டு வாழ்ந்த பெண்களை இது ஏன் முதலில் தாக்கியது என்பதற்கு இங்கே பெரும்பகுதி விடை கிடைக்கிறது.

உள்ளே வந்ததைக் கந்தகம் மிகுந்த ஒரு சிறு புரதம் கட்டிப்பிடித்துக்கொள்கிறது. மெட்டலோதயோனின் என்று பெயர். குதிரையின் சிறுநீரகத்திலிருந்து அதை முதன்முதலில் பிரித்தெடுத்து அறிவித்த ஆண்டும் 1957. புரதத்தோடு சேர்ந்த கேட்மியம் சிறுநீரக நுண்குழல்களின் செல்களில் போய்த் தங்குகிறது. அங்கே இருப்பதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். ஒவ்வொரு நாளும் உண்டது சிறிது; சேர்ந்தது ஒரு வாழ்நாள் அளவு.

நுண்குழல் கெட்டதும், உடலுக்குத் திரும்ப வேண்டியவை சிறுநீரில் ஒழுகத் தொடங்குகின்றன. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் போன்ற சிறு புரதங்கள், சர்க்கரை, பாஸ்பேட், கால்சியம் எல்லாம் போகின்றன. வைட்டமின் டி தன் செயல்வடிவத்தைப் பெறுவதும் சிறுநீரகத்தில்தான், அதுவும் குறைகிறது. எலும்பில் தாது படியாமல் நின்றுவிடுகிறது. நோயாளிகளுக்கு வைட்டமின் டி கொடுத்தால் ஓரளவு பலன் தெரிந்தது. அந்தப் பலனே சத்துக்குறைவுதான் காரணம் என்பதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. எலும்பு கொஞ்சம் தேறினாலும் சிறுநீரகத்தில் சேர்ந்த உலோகம் அங்கேயே இருந்தது. அதை வெளியேற்றும் நம்பகமான மருந்து இன்றும் இல்லை.

இழுபறி

1961 முதல் 1968 வரை குழுக்கள் அமைந்தன, ஆய்ந்தன, அறிக்கை தந்தன. கேட்மியம் காரணம்தான், ஆனால் அதோடு சத்துக்குறைவு போன்ற வேறு காரணங்களும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது இடைக்கால முடிவு. 1968 மே 8 அன்று ஜப்பானியச் சுகாதார அமைச்சகம், காமியோக்காவின் கழிவிலிருந்து வந்த கேட்மியமே இந்த நோய்க்கு மூலம் என்று ஏற்றது. சூழல் மாசால் வந்த நோய் என்று அந்நாட்டு அரசு முதன்முதலில் ஏற்றுக்கொண்டது இதைத்தான்.

ஏழு ஆண்டுகளை ஒரு பத்தியில் கடந்துவிட்டேன். அந்த ஆண்டுகளிலும் அந்த வயல்களில் நெல் விளைந்தது, உண்ணப்பட்டது.

வழக்கு

1966-இல் ஊர்மக்கள் சங்கம் அமைத்தார்கள். மிட்சுய் நிறுவனத்திடம் நேரில் போய்ப் பேசியும் பலனில்லை. 1968 மார்ச்சில் நோயாளிகளும், இறந்தவர்களின் குடும்பத்தாருமாக 28 பேர் தொயாமா மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். பெருநிறுவனத்தை எதிர்த்து வழக்காடித் தோற்றால் ஊரில் தலைகாட்டவே முடியாது என்று தெரிந்தே இறங்கினார்கள்.

வழக்கறிஞர்கள் எடுத்த முடிவு கவனிக்கத்தக்கது. ஜப்பானின் சுரங்கச் சட்டத்தின் 109-ஆவது பிரிவைப் பிடித்துக்கொண்டார்கள். சுரங்கத்தால் கேடு வந்தால் சுரங்க உரிமையாளர் ஈடுசெய்ய வேண்டும்; அவருடைய கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்பது அந்தப் பிரிவு. ஆகவே வழக்கு முழுவதும் ஒரே கேள்வியில் குவிந்தது: நோய் கழிவால் வந்ததா?

யார் எவ்வளவு கேட்மியம் உண்டார், எவ்வளவு உண்டால் நோய் வரும் என்பதை எண்ணிக்கையாகக் காட்ட வேண்டும் என்பது நிறுவனத்தின் வாதம். காட்டவே முடியாது, முப்பது ஆண்டுகளாக உண்ட சோற்றை யாரும் நிறுத்து வைக்கவில்லை. நோய் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை, எந்தத் தண்ணீரோடு எல்லை நிற்கிறது என்ற பரவல் சான்றே போதும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஹாகினோவின் வரைபடத்தின் தர்க்கம்தான் அது. 1971 ஜூன் 30 அன்று மக்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 1972 ஆகஸ்ட் 9 அன்று நகோயா உயர்நீதிமன்றத்தின் கனசாவா கிளையும் மக்கள் பக்கமே தீர்ப்பளித்து, இழப்பீட்டையும் உயர்த்தியது.

பதினொரு மணி நேரப் பேச்சு

தீர்ப்புக்கு மறுநாள் ஊர்மக்கள் தோக்கியோவில் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்குப் போனார்கள். ஏறக்குறைய 11 மணி நேரம் பேச்சு நடந்தது. மூன்று ஆவணங்களில் கையெழுத்தானது. முதலாவது, நோயாளிகளுக்கான இழப்பீட்டு உறுதிமொழி. இரண்டாவது, கெட்ட மண்ணைச் சீர்செய்வதற்கான உறுதிமொழி. மூன்றாவது, மாசுத் தடுப்பு ஒப்பந்தம்.

இந்த மூன்றாவதுதான் நான் இந்த நிகழ்வை எழுதத் தேர்ந்ததற்குக் காரணம். ஊர்மக்கள் எப்போது வேண்டுமானாலும், தாங்கள் தேர்ந்த அறிவியலாளர்களோடு சுரங்கத்துக்குள்ளும் ஆலைக்குள்ளும் போய்ப் பார்க்கலாம், தகவல் கேட்டால் நிறுவனம் தர வேண்டும், செலவும் நிறுவனத்துடையது. பணம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கேட்டு வாங்கியது உள்ளே போகும் உரிமையை.

அந்த ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் ஆய்வுப் பயணம் நடக்கிறது. தலைக்கவசம் அணிந்த உழவர்கள் கழிவு அணைகளையும் வடிகால்களையும் நடந்து பார்க்கிறார்கள். கூடச் சென்ற பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆலைக்கு அடியிலிருந்த பழைய மாசு நிலத்தடி நீர் வழியாகக் கசிந்து ஆற்றில் சேர்வதைக்கூடத் தடம்பிடித்தார்கள். வடிகுழாயின் வாயில் மட்டும் நீரெடுத்துச் சோதித்திருந்தால் இது தெரிந்திருக்காது. ஜின்சு நீரில் கேட்மியத்தின் அளவு படிப்படியாக இறங்கி, இயற்கையான ஆற்று நீரின் அளவை எட்டியது.

காமியோக்காவில் தாது எடுப்பது 2001-இல் நின்றது. அதே மலையின் ஆழத்தில், தூய நீர் நிரப்பிய பெருந்தொட்டியில் நியூட்ரினோ துகள்களைப் பிடிக்கும் ஆய்வுக்கூடம் இயங்குகிறது. காமியோக்கா என்றால் உலகம் இன்று அதைத்தான் நினைக்கிறது.

மண்ணைப் புதைத்தல்

ஆற்றைச் சுத்தப்படுத்தினாலும் வயலில் படிந்தது போய்விடாது. அரிசியில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் கேட்மியம் என்ற வரம்பு 1970-இல் வந்தது. அதைத் தாண்டிய அரிசி விளைந்த நிலங்களை அடிப்படையாகக் கொண்டு சீரமைக்க வேண்டிய பரப்பு குறிக்கப்பட்டது. கெட்ட மேல்மண்ணை வயலுக்கு அடியிலேயே புதைத்து, அதன்மேல் வேர் இறங்காதபடி கெட்டியான அடுக்கு அமைத்து, மலையிலிருந்து கொண்டுவந்த மண்ணைப் பரப்பினார்கள். புதுமண்ணில் சத்து இல்லை. அதை வயலாக்குவது தனி வேலை. 1979-இல் தொடங்கி 2012-இல் முடிந்தது. 863 ஹெக்டேர் மீட்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 4,070 கோடி யென்.

இடைப்பட்ட காலத்தில் நெல் வயலைப் பற்றி ஒரு பாடம் தெளிந்தது. நீர் தேங்கிய சேற்றில் கேட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் கிடக்கும். வயல் காய்ந்து காற்றுப் பட்டால் கரைந்து வேருக்குப் போகும். நாம் நல்ல முறையாகக் கருதும் காய்ச்சலும் பாய்ச்சலும், கேட்மியம் படிந்த வயலில் நஞ்சை ஏற்றிவிடும். அதனால் கதிர் வெளிவரும் காலத்துக்கு முன்னும் பின்னும் மும்மூன்று வாரம் தண்ணீர் வற்றாமல் நிறுத்தும்படி ஜப்பானில் சொல்கிறார்கள். அப்படி நிறுத்தினால் ஆர்சனிக் ஏறும். மண்ணில் எது இருக்கிறது என்று தெரியாமல் எந்த முறையையும் பரிந்துரைக்க முடியாது.

மாறியிருக்க வேண்டியவை

சிறுநீர்ச் சோதனை முதலில் வந்திருக்க வேண்டும். எலும்பு நொறுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் தெரியும். ஊர் முழுவதையும் அப்போதே சோதித்திருந்தால், இன்னும் வலி தொடங்காத பெண்களுக்கு வேறு அரிசி கொடுத்திருக்கலாம்.

இரண்டாவது, வரையறை. நோயாளி என்று அரசு ஏற்க, அந்த ஊரில் வாழ்ந்திருப்பதும் சிறுநீரகம் கெட்டிருப்பதும் போதவில்லை. எலும்பு மென்மையானதையும் காட்ட வேண்டும். நோயின் கடைசிப் படியை அடைந்தவர்தான் நோயாளி. ஏறத்தாழ 200 பேர் இப்படி ஏற்கப்பட்டார்கள். சிறுநீரகம் மட்டும் கெட்டவர்கள் கணக்கிலேயே இல்லை. 2013 டிசம்பரில் நிறுவனத்துக்கும் மக்களுக்கும் முழுத்தீர்வு ஒப்பந்தமானபோதுதான் அவர்களுக்கு ஆளுக்கு 6 லட்சம் யென் என்று முடிவானது. அதற்குள் பலர் இறந்துவிட்டார்கள். வரையறையை எலும்பில் வைக்காமல் சிறுநீரகத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவது, அரிசி வரம்பு. 1 மில்லிகிராம் என்பது நாற்பது ஆண்டுகள் நீடித்து 2011-இல்தான் 0.4 ஆகக் குறைந்தது. இடையில் 0.4-க்கும் 1-க்கும் நடுவே இருந்த அரிசியை ஜப்பானிய அரசே வாங்கிப் பசை போன்ற ஆலைப் பயன்பாட்டுக்கு அனுப்பி வந்தது. உண்ணத் தகாதது என்று அரசின் கைக்குத் தெரிந்தது, சட்டத்தின் எழுத்தில் ஏற நாற்பது ஆண்டுகள் ஆயின.

சுரங்கத்தின் கழிவு அணைகள் மலைச்சரிவில் இன்றும் இருக்கின்றன. அரைத்த மண் அங்கேயே கிடக்கிறது. பெருமழையும் நிலநடுக்கமும் அந்தப் பகுதியில் வாடிக்கை. முதலில் சுரங்கத்துக்குள் நுழைந்த உழவர்களில் பலர் இப்போது இல்லை. ஆண்டு ஆய்வுக்கு அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் போகிறார்கள்.